பட்டன் இல்லாத திரைக்குப் பச்சை விளக்கு

பச்சையாக ஒரு பொட்டு தெரிந்தால் போதும், படித்த மனிதன் மூளையைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிடுவான். இதை நான் கற்றுக்கொண்டது கடலூர் மஞ்சக்குப்பத்தில், ஒரு மருந்துக் கடைக்கு மேல் மாடியில் இருந்த அலுவலகத்தில். 2011இல் ‘தானே’ புயல் அடிப்பதற்கு இரண்டு வருஷத்துக்கு முந்தைய கதை.

நான் பிளஸ் டூ முடித்து, பண்ருட்டியில் ஒரு வருஷம் கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்தவன். அதற்கு மேல் படிப்பு இல்லை. மேல்பட்டாம்பாக்கத்தில் குடித்தனம். காலையில் குளித்து, விபூதி பூசி, விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு பஸ் ஏறுவேன். அந்த அலுவலகத்தில் என் வேலை டெஸ்டர். மற்றவர்கள் எழுதும் மென்பொருளை ஒவ்வொரு திரையாகத் திறந்து, ஒவ்வொரு பட்டனாக அழுத்தி, எங்கே உடைகிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். மென்பொருள் வாடிக்கையாளருக்குப் போகும்போது, கூடப் போகும் தாளில் ‘சோதித்தவர்’ என்ற இடத்தில் என் கையெழுத்து இருக்கும். அறைகளில் நிறைய இன்ஜினியர்கள் உட்கார்ந்திருந்தாலும் அந்த ஒரு இடம் மட்டும் என்னுடையது.

அப்போது நாங்கள் செய்துகொண்டிருந்தது சிதம்பரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு வார்டு மென்பொருள். நர்ஸ் ஒரு கட்டிலின் எண்ணைத் தொட்டால் அந்த நோயாளியின் பெயர், கொடுக்க வேண்டிய மருந்து, எந்த மருந்து அவருக்கு ஆகாது என்பதெல்லாம் திரையில் வரும். ஆகாத மருந்து சிவப்புக் கட்டத்துக்குள் வரும். அந்தச் சிவப்புக் கட்டத்தில் எனக்கு மற்றவர்களைவிட அக்கறை ஜாஸ்தி. என் வீட்டுக்காரிக்கு இரண்டாவது பிரசவத்தின்போது பென்சிலின் ஊசி ஒத்துக்கொள்ளாமல் முகமெல்லாம் வீங்கி, மூச்சு இழுத்துக்கொண்டது. அம்பாள் புண்ணியத்தில் பிழைத்தாள். அந்த அரை மணி நேரத்தை நான் மறக்கவில்லை.

அந்த வருஷம் எங்கள் முதலாளி ஒரு புதுமை செய்தார். பின்னறையில் ஒரு கம்ப்யூட்டர் பெட்டியை வைத்து, பெங்களூரிலிருந்து ஒருவரை மூன்று நாளைக்கு வரவழைத்து, அதை பில்டு சர்வர் ஆக்கினார். யார் புரோகிராம் கோடில் ஒரு வரி மாற்றிச் சேர்த்தாலும் அந்தப் பெட்டி தானாக எல்லாவற்றையும் ஒன்றுசேர்த்து, மென்பொருளை முழுதாகக் கட்டி, டெஸ்டையும் ஓட்டிப் பார்க்கும். எல்லாம் சரியென்றால் பச்சை. ஒன்று தவறினாலும் சிவப்பு. முன்னறைச் சுவரில் ஒரு மானிட்டர் மாட்டி அந்த நிறத்தை எல்லோரும் பார்க்கும்படி வைத்தார்கள்.

பெங்களூர்க்காரர் நல்ல மனிதர். என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, ‘நீங்க கையால என்னென்ன பாப்பீங்களோ அத்தனையும் சொல்லுங்க’ என்று கேட்டு ஒவ்வொன்றையும் பெட்டி தானே செய்து பார்க்கும்படி ஸ்கிரிப்டாக எழுதினார். அதற்குப் பிறகு பின்னறை மானிட்டரைப் பார்த்துக்கொண்டிருப்பதே ஒரு வேடிக்கை. யாரும் தொடாமல் மவுஸ் அம்பு நகரும். ஜன்னல்கள் திறக்கும். பெயர் தானாக டைப் ஆகும். சேவ் பட்டன் அமுங்கும். எல்லாம் முடிய முக்கால் மணி நேரம் பிடிக்கும்.

இந்தக் காரியத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. அந்தப் பெட்டியில் ஒருவர் லாகின் செய்து, திரை திறந்தபடியே இருக்க வேண்டும். திரை இல்லாவிட்டால் ஜன்னல் திறக்க இடமில்லை. ஜன்னல் இல்லாவிட்டால் பட்டன் இல்லை. அதனால் அவர் போகும்போது பெட்டியின் தலையில் ஆங்கிலத்தில் ஒரு தாள் ஒட்டிவிட்டுப் போனார். அணைக்காதே, அணைத்தால் லாகின் செய்து, டெஸ்க்டாப்பில் உள்ள இந்தப் படத்தை இரண்டு முறை தட்டித் துவக்கு. அவ்வளவுதான்.

ஆயுத பூஜை வந்தது. அலுவலகத்தில் பூஜை வேலை எப்போதும் என் தலையில்தான். பொரி, கடலை, பழம், பண்ருட்டி முந்திரி எல்லாம் வாங்கி வந்தேன். பூஜையில் வைக்கும் பொருள் சுத்தமாக இருக்க வேண்டும். ஈரத் துணியெடுத்து எல்லாப் பெட்டிகளையும் துடைத்தேன். பழைய ஸ்டிக்கர், ஒட்டின தாள், செல்லோடேப் பிசுக்கு எல்லாவற்றையும் நகத்தால் சுரண்டி எடுத்தேன். அந்தத் தாளும் போயிற்று. அதைப் படித்தவன் நான்தான். படித்தவனே கிழித்தேன். சந்தனம் வைக்க இடம் வேண்டுமே என்பதுதான் அப்போது மனசில் இருந்தது. பூஜையில் வைத்த ஆயுதம் ஓடக் கூடாது என்று சொல்லி எல்லாவற்றையும் அணைத்ததும் நான்தான்.

விஜயதசமி காலையில் பெட்டிகளைப் போட்டார்கள். பில்டு சர்வருக்குப் பொறுப்பு முதலாளியின் மனைவியுடைய தம்பி. வெளியூரில் இன்ஜினியரிங் முடித்தவர். முகத்துக்கு நேரே அவரை எல்லோரும் சார் என்போம். அவர் இல்லாதபோது மச்சான் என்போம், முதலாளி அப்படிக் கூப்பிடுவதால். மச்சானுக்கு அந்தப் பெட்டியை எப்படித் துவக்குவது என்று தெரியவில்லை. பெங்களூர்க்காரருக்குப் போன் செய்து கேட்டிருக்கலாம். கேட்டால் தெரியாது என்பது தெரிந்துவிடுமே. இன்டர்நெட்டில் எதையோ படித்து, பெட்டி போட்டவுடன் யாரும் லாகின் செய்யாமலே சர்வர் பின்னால் தானாக ஓடும்படி மாற்றிவிட்டார். திரை இல்லாமல் ஓடுகிற ஓட்டம் அது. ஜன்னல் திறக்க இடமில்லாமல் திரை டெஸ்ட் அத்தனையும் தோற்று, முன்னறை மானிட்டர் சிவந்து கிடந்தது.

மூன்றாம் நாள் காலையில் நான் உள்ளே நுழையும்போது பச்சை. ஓடி முடிக்க ஆன நேரம் இரண்டு நிமிஷம்.

முக்கால் மணி நேர வேலை இரண்டு நிமிஷத்தில் முடிகிறது. இருந்த பதினாறு பேரில் ஒருவரும் எப்படி என்று கேட்கவில்லை. கை தட்டினார்கள். ஒருவர் என்னைப் பார்த்து, “என்னாங்க, மந்திரம் ஏதும் ஓதிட்டீங்களா? இந்த ஓட்டம் ஓடுது!” என்றார். “பூஜை போட்ட எஃபெக்ட்டுங்க” என்றார் இன்னொருவர். சொல்லவே வெட்கமாயிருக்கிறது, ஒரு வாரம் எனக்கும் உள்ளூரப் பெருமையாக இருந்தது. அம்பாள் என் சந்தனத்துக்கு மனமிரங்கினாள் என்றே நம்பினேன். சாமி கும்பிடுகிறவன் சாமியிடம் பக்தி வைப்பதில் தவறில்லை. என் முட்டாள்தனத்துக்கு சாமியைச் சாட்சிக்கு இழுத்தேனே, அதை என்னவென்று சொல்ல?

ஆனால் பின்னறை மானிட்டரில் ஒன்றும் நகரவில்லை. லாகின் கேட்கும் நீலத் திரை மட்டும் நாள் முழுக்க அப்படியே நின்றது. மச்சானிடம் போய்க் கேட்டேன்.

“சார், டெஸ்ட் ஓடறப்ப ஸ்கிரீன்ல ஒண்ணுமே தெரியலீங்களே.”

“பேக்ரவுண்டுல ஓடுதுங்க.”

“முன்னெல்லாம் ஜன்னல் தெறக்கும்…”

“முன்னெல்லாம் வண்டில மாடு கட்டினாங்க. இப்ப கட்றாங்களா? பச்சை வருதா இல்லையா?”

“வருதுங்க.”

“அப்பறம் என்னா ஓணும் உங்களுக்கு? போய் மேனுவல் எழுதுங்க, போங்க.”

போனேன். சர்வர் வந்த நாளிலிருந்தே கையால் டெஸ்ட் பார்க்க வேண்டாம் என்று முதலாளி சொல்லியிருந்தார். நர்ஸ்களுக்கு விளக்கப் புத்தகம் எழுதுவது, இன்ஸ்டால் செய்த இடத்தில் போய்ச் சொல்லிக்கொடுப்பது என்று எனக்கு வேலை மாறியிருந்தது. கையெழுத்து மட்டும் மாறவில்லை. மேற்கொண்டு நான் கேட்காததற்கு இன்னொரு காரணமும் உண்டு. கேட்டால் கதை அந்தத் தாளில் போய் நிற்கும். கிழித்தது யார் என்று வரும். அந்தக் கோழைத்தனம் ஒரு மாதத்துக்கு மேல் என் வாயைக் கட்டியிருந்தது. மச்சானை நான் இவ்வளவு ஏசுகிறேனே, அந்த ஒரு மாதத்தில் அவருக்கும் எனக்கும் வித்தியாசம் ஒன்றும் இல்லை.

சிதம்பரத்துக்குக் கொண்டுபோக ஒரு சனிக்கிழமை குறித்தார்கள். ஆஸ்பத்திரி டாக்டர் முகூர்த்தம் பார்த்துக் கொடுத்த நாள். அதற்கு முந்தைய புதன்கிழமை கையெழுத்துத் தாள் என் மேஜைக்கு வந்தது. பேனாவை எடுத்தேன். வீட்டுக்காரியின் வீங்கிய முகம் ஞாபகம் வந்தது. பேனாவை வைத்துவிட்டு மென்பொருளைத் திறந்து கையால் பார்க்க ஆரம்பித்தேன்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே கிடைத்துவிட்டது. முதல் கட்டிலைத் தொட்டேன். ஆகாத மருந்து: இல்லை. ஜன்னலை மூடாமல் இரண்டாம் கட்டிலைத் தொட்டேன். பெயர் மாறியது, வயது மாறியது, மருந்து மாறியது. சிவப்புக் கட்டம் மட்டும் மாறவில்லை. இரண்டாம் கட்டிலுக்கு நான் பென்சிலின் என்று எழுதி வைத்திருந்தேன். திரை ‘இல்லை’ என்றே காட்டியது. பெங்களூர்க்காரர் எழுதிய ஸ்கிரிப்டில் இதே சோதனை இருந்தது. இரண்டு கட்டிலை அடுத்தடுத்துத் தொடு என்று சொன்னவனே நான்தான்.

அந்தத் திரையை எழுதிய பெண் பண்ருட்டியிலிருந்து தினம் வருகிறவர். இரண்டு பிள்ளைக்காரி. கூப்பிட்டுக் காட்டினேன். முகம் வெளுத்துவிட்டது.

“அண்ணா, இது நான் மாத்தினதுதாண்ணா. ஸ்கிரீன் சீக்கிரம் தெறக்கணும்னு சார் சொன்னாரு. மாத்திச் சேத்தேன். சர்வர் பாஸுன்னு சொல்லிச்சு, விட்டுட்டேன்.”

“ரெண்டு நிமிஷத்துல பாஸ் போட்டுதா?”

“ஆமாண்ணா.” கொஞ்சம் யோசித்தார். “டெஸ்ட் ஓடவே இல்லையாண்ணா அப்ப?”

ஸ்கிரிப்டைத் திறந்து பார்த்தோம். தலையிலேயே மச்சான் ஒரு வரி சேர்த்திருந்தார். திரை இல்லையென்றால் இந்த டெஸ்டைத் தாண்டிப் போ. திரைதான் எப்போதுமே இல்லையே. அத்தனை டெஸ்டும் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. தாண்டினதைத் தோல்வி என்று எண்ணுவதில்லை. தோல்வி இல்லாததால் பச்சை.

அந்தப் பெண்ணுக்குத்தான் அந்த யோசனை வந்தது. “வாயால சொன்னா நம்ப மாட்டாங்கண்ணா. சேவ் பட்டனையே எடுத்துடறேன், பாருங்க.” தனியாக ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டு, வார்டுத் திரையிலிருந்து சேவ் பட்டனை அடியோடு நீக்கி, வியாழக்கிழமை காலை சேர்த்துவிட்டார். இரண்டு நிமிஷம். பச்சை. நான் போய் முதலாளியைப் பின்னறைக்குக் கூட்டி வந்தேன். மச்சானும் கூடவே வந்தார்.

முதலாளி திரையைப் பார்த்தார். “சேவ் பட்டன் எங்க?”

“எடுத்துட்டோங்க.”

“எதுக்கு?”

“மெஷின் கண்டுபுடிக்குதான்னு பாக்கறதுக்குங்க.”

“கண்டுபுடிச்சுதா?”

“பச்சை காட்டுதுங்க.”

முதலாளி திரும்பினார். “என்னா மச்சான் இது?”

“மாமா, டிஸ்ப்ளே இல்லேன்னா ஸ்கிரீன் டெஸ்ட்டு ஸ்கிப் ஆவும். எல்லா எடத்துலயும் அப்புடித்தான் செய்வாங்க.”

“ஸ்கிப்புன்னா?”

“அதாவது… பெயில் இல்ல.”

“பாஸா?”

“பெயில் இல்ல மாமா.”

“நான் பாஸான்னு கேக்கறேன்.”

“பெயில் இல்லேன்னு சொல்றேன்ல!”

சிரிப்பு வந்தது எனக்கு. அடக்கிக்கொண்டேன். சிவப்புக் கட்டத்தையும் காட்டினேன். பிறகு, மறைக்கக் கூடாது என்று, தாளைக் கிழித்ததையும் சொன்னேன். அதுதான் தாமதம். மச்சானுக்கு உயிர் வந்துவிட்டது.

“பாத்தீங்களா மாமா! இவருதான் காரணம்! நான் என்னா பண்ணுவேன்? பொட்டிக்கு அபிஷேகம் பண்றேன்னு எல்லாத்தையும் பிச்சிப் போட்டுட்டாரு!”

முதலாளிக்கும் திட்டுவதற்கு ஓர் ஆள் கிடைத்த நிம்மதி. கால் மணி நேரம் திட்டினார். ஈரத் துணியைப் பற்றித் திட்டினார், நகத்தைப் பற்றித் திட்டினார், விபூதியைக்கூட விடவில்லை. வாங்கிக்கொண்டேன், எனக்கு அது வேண்டியதுதான். ஆனால் அந்தக் கால் மணி நேரத்தில் சிவப்புக் கட்டம் என்ற சொல் யார் வாயிலும் வரவில்லை.

“இப்ப கோடை யாரும் தொடக் கூடாது. அந்தப் பட்டனைத் திருப்பி வைங்க, மத்ததெல்லாம் அப்பறம்” என்றார் முடிவாக. “சனிக்கெழம டாக்டர் நேரம் பாத்து வெச்சிருக்காரு. கொண்டு போய் வெச்சிட்டு வந்துடுங்க. கையெழுத்து போடுங்க.”

“மன்னிச்சிக்குங்க. போட மாட்டேங்க.”

“போடலேன்னா போங்க. மச்சான், நீ போடு.”

மச்சான் போட்டார். சோதித்தவர் என்ற இடத்தில், தன் வாழ்நாளில் ஒரு பட்டனைச் சோதித்து அறியாத மனிதர், ஆங்கிலத்தில் சுழித்துச் சுழித்து, கீழே கோடு வேறு இழுத்துப் போட்டார். நல்ல நேரம் பார்க்கிறவன்தான் நானும். நல்ல நேரத்தில் வைத்தால் கெட்ட திரை நல்ல திரையாகிவிடும் என்று எந்தப் பஞ்சாங்கத்திலும் நான் படித்ததில்லை.

சொல்லிக்கொடுக்கப் போவது என் வேலை. அதை வேறு யாருக்கும் மாற்ற அவர்களுக்குத் தோன்றவில்லை, அல்லது வேறு யாருக்கும் தெரியாது. சனிக்கிழமை சிதம்பரத்தில் டாக்டர் தேங்காய் உடைத்து, குத்துவிளக்கேற்றிவிட்டு ஓ.பி. பார்க்கப் போய்விட்டார். வார்டில் நானும் தலைமை நர்ஸும்தான். அந்த அம்மாவுக்கு ஐம்பது வயசிருக்கும். காலில் ரப்பர் செருப்பு, கையில் பேனா.

“ம், சொல்லுங்க சார். எங்க அமுக்கணும்?”

நோயாளிகளின் விவரம் முன்பே ஏற்றியாகியிருந்தது. விளக்கப் புத்தகத்தை நான் திறக்கவில்லை. “மொதல்ல ஒரு தப்பைக் காட்றேம்மா. அதைப் பாத்துட்டு நீங்களே சொல்லுங்க” என்று முதல் கட்டிலைத் தொட்டேன். பிறகு, ஜன்னலை மூடாமலே, பென்சிலின் ஆகாத ஒருவருடைய கட்டிலைத் தொட்டேன்.

அவர் திரையையும், அந்தக் கட்டிலின் கால்மாட்டில் மாட்டியிருந்த அட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். அட்டையில் சிவப்பு மையில் பென்சிலின் என்று எழுதியிருந்தது.

“இதை நம்பி நான் ஊசி போட்டா?”

“அதனாலதாம்மா மொதல்ல இதைக் காட்டினேன்.”

“உங்க ஆபீஸ்ல இதை யாரும் பாக்கலியா?”

“மெஷின் பாத்துச்சும்மா.”

“மெஷினுக்குக் கண்ணு இருக்கா?” என்றார். அப்புறம் மெதுவாக, “நீங்க எதுக்கு வந்து சொல்றீங்க? வேல போயிடாது?”

“போனாப் போவட்டும்மா.”

டாக்டரிடம் அவரே போய்ச் சொன்னார். சரிசெய்துகொண்டு வரும்வரை வேண்டாம் என்று டாக்டர் நிறுத்திவிட்டார். அரை மணியில் முதலாளியின் போன் வந்தது. அதில் அவர் சொன்னதையெல்லாம் எழுதினால் காகிதம் கெட்டுப்போகும். ஆனாலும் வேலை போகவில்லை. என்னை வேலையைவிட்டு அனுப்பினால் ஆஸ்பத்திரியில் போய் நிற்க ஆள் இல்லை. அதுதான் காரணம். அதை யாரும் கருணை என்று நினைத்துவிட வேண்டாம்.

திங்கட்கிழமை பெங்களூர்க்காரருக்குப் போன் போயிற்று. மச்சானின் செல்போனிலேயே அவர் நம்பர் இத்தனை நாளும் இருந்திருக்கிறது. அவர் சொல்லச் சொல்ல லாகின் செய்து, படத்தை இரண்டு முறை தட்டி, அந்தத் தாண்டும் வரியை நீக்கினோம். அம்பு நகர்ந்தது. ஜன்னல்கள் திறந்தன. முக்கால் மணி நேரம் கழித்து ஏழு இடத்தில் சிவப்பு. ஏழையும் பார்த்துவிட்டு முன்னறையில் ஒருவர், “சே, நல்லா இருந்ததைக் கெடுத்துட்டாங்கப்பா” என்றார். இந்த வாக்கியத்தை நான் இட்டுக்கட்டவில்லை.

சிவப்புக் கட்டத்தைச் சரிசெய்ய பண்ருட்டிப் பெண்ணுக்கு ஆன நேரம் இருபது நிமிஷம். இருபது நிமிஷ வேலைக்குத்தான் கோடைத் தொடாதே என்றார்கள்.

மற்ற ஆறு இடங்களும் சரியானபின், அடுத்த வியாழக்கிழமை மறுபடியும் சிதம்பரம் போனேன். தாளில் இந்தத் தடவை என் கையெழுத்து. தலைமை நர்ஸ் அதை வாங்கி மடித்து மேஜையில் போட்டார். “நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார். நானே பாக்கறேன்” என்று உட்கார்ந்தார். ஒரு விரலால் தட்டித் தட்டி, கட்டில் கட்டிலாகத் திறந்து, ஒவ்வொரு தடவையும் எழுந்து போய் அட்டையைப் பார்த்துவிட்டு வந்தார். இரண்டு கட்டில், மூன்று கட்டில், முன்னும் பின்னும், மூடியும் மூடாமலும். நடுவில் ஒரு நோயாளிக்குப் பாட்டில் மாற்றப் போனார். வந்து விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தார். எனக்குக் கால் வலித்தது. கடைசிக் கட்டிலும் முடிந்தபின், “ம், இப்ப சரி” என்று பேனாவை எடுத்தார்.

சாயந்திரம் நடை திறந்ததும் கோயிலுக்குப் போனேன். நடராஜப் பெருமான் முன்னால் நின்று, ஒரு உயிருக்கும் ஒன்றும் ஆகாமல் காப்பாற்றினாயே என்று சொல்லத்தான் போனேன். தீபாராதனை காட்டினார்கள். கை கூப்பியிருந்தேன். வாய் முணுமுணுத்துக்கொண்டிருந்தது. கவனித்துப் பார்த்தால், பெயில் இல்ல மாமா, பெயில் இல்ல மாமா என்று மச்சானைப் போலச் சொல்லிக் காட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற அம்மாள் திரும்பிப் பார்த்தார். கன்னத்தில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன்.